கடலோடியின் அட்டவணையும் வீட்டுப் பஞ்சாங்கமும்

இலங்கையின் மலைநாட்டு ஊரான வட்டகொடை ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஆகவே துருவ நட்சத்திரம் இங்கே வடக்கில் ஏழு பாகை உயரத்தை ஒட்டியே நிற்கும். கையை நீட்டி முட்டியை மூடினால் அது வானத்தில் பத்துப் பாகை அளவை மறைக்கும். நட்சத்திரம் அதற்கும் தாழ்வாகவே இருக்கும். தலவாக்கலைக்கும் கிறேட் வெஸ்டர்னுக்கும் இடையில் ரயில் வளைந்து வளைந்து ஏறும் இந்தப் பள்ளத்தாக்கில், நான்கு கிலோமீற்றருக்கு அப்பால் அறுநூறு மீற்றர் உயர்ந்த மேடு ஒன்று நின்றாலே போதும், லயத்து முற்றத்தில் நிற்பவருக்கு அந்த நட்சத்திரம் ஒருநாளும் தெரியாது.

இதே அகலாங்கில், கொழும்புக்கு மேற்கே கடலில் போகும் கப்பலுக்கு அந்த நட்சத்திரம் அதே உயரத்தில் நிற்கிறது. அங்கே அது மாலுமிக்கு அவருடைய அகலாங்கைச் சொல்லிவிடுகிறது. வானம் இருவருக்கும் ஒன்றுதான். தொடுவானம்தான் ஒருவருக்கு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. செக்ஸ்டன்ட் என்னும் கருவியைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டிய இடம் இது. தனிக் கருவியாக அதனால் எதுவும் முடியாது. அது அளக்கும் கோணம், அந்தக் கோணத்துக்கு அடியாகும் தொடுவானம், வானப் பொருள்களின் இடத்தைச் சொல்லும் அட்டவணை, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் கப்பல் எங்கே நிற்கிறது என்பது தெரியும். இந்த நான்கில் எவை தமிழரிடம் இருந்தன, எது இல்லாமல் போயிற்று என்று தேடிப்போனால், கடலில் தொடங்கும் கதை நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்தில் வந்து சேர்கிறது.

கண்ணாடிகள் செய்யும் வேலை

1731இல் ஜோன் ஹாட்லி என்னும் ஆங்கிலேயர் இலண்டன் ரோயல் சொசைட்டியில் இரு கண்ணாடிகள் கொண்ட கோணமளக்கும் கருவி ஒன்றைக் காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தோமஸ் கொட்பிரே என்பவரும் தனியாக அதே வழியைக் கண்டிருந்தார். அந்தக் கருவி தொண்ணூறு பாகை வரை அளந்தது. நிலவுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையிலுள்ள கோணத்தை அளக்க அது போதாது என்று கப்பல் தலைவர் ஜோன் கேம்பல் கருதினார். அவருடைய யோசனைப்படி 1750களின் கடைசியில் ஜோன் பேர்ட் செய்ததுதான் 120 பாகை வரை அளக்கும் செக்ஸ்டன்ட்.

அதன் அடிப்படை எளிது. கண்ணாடியை ஒரு பாகை திருப்பினால் அதில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர் இரண்டு பாகை திரும்பும். ஆகவே அறுபது பாகை வில்லில் 120 பாகைக்கான அளவு பொறிக்கப்பட்டிருக்கிறது. சட்டத்தில் ஒரு சிறு தொலைநோக்கி. அதற்கு எதிரே, பாதி வெறும் கண்ணாடியும் பாதி முகம்பார்க்கும் கண்ணாடியுமான ஒரு துண்டு. மேலே, நகரும் கையோடு திரும்பும் இன்னொரு கண்ணாடி. வெறும் பாதியின் வழியே தொடுவானம் நேராகத் தெரியும். மற்றப் பாதியில், இரண்டு முறை பட்டுத் திரும்பிய சூரியன் தெரியும்.

மாலுமி கறுப்புக் கண்ணாடித் தகடுகளை இறக்கிவிட்டுச் சூரியனைப் பிடிக்கிறார். கருவியின் கையை மெல்ல முன்னே தள்ளத் தள்ள, சூரியன் வானத்திலிருந்து கீழே இறங்கி வருகிறது. அதன் கீழ்விளிம்பு கடலைத் தொடும்போது நிறுத்தி, மணிக்கட்டை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கிறார். சூரியன் ஊஞ்சலாடுவதுபோல் ஒரு வில்லில் போய்வரும். அந்த வில்லின் மிகத் தாழ்ந்த புள்ளி தொடுவானத்தைத் தொட்டால்தான் அளவு சரி. தொட்ட கணத்தில் பக்கத்தில் நிற்பவர் கடிகாரத்தின் விநாடியைக் குறித்துக்கொள்கிறார். கப்பல் எவ்வளவு ஆடினாலும் இரண்டு பிம்பங்களும் சேர்ந்தே ஆடுவதால் இடைக்கோணம் மாறுவதில்லை. முந்தைய கருவிகளால் முடியாதது இதுதான்.

அளந்த எண்ணை அப்படியே பயன்படுத்த முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஒன்பது மீற்றர் உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் ஐந்து கலைக்கு மேல் தாழ்ந்து தெரியும். ஒரு பாகையில் அறுபது கலைகள். காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் ஏழு பாகை உயரத்திலுள்ள நட்சத்திரம் ஏறத்தாழ ஏழு கலை உயர்ந்து தெரியும். சூரியனின் விளிம்பை அளந்திருந்தால் நடுவுக்கு வர 16 கலை சேர்க்க வேண்டும். அகலாங்கில் ஒரு கலை ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீற்றர். இந்தத் திருத்தங்களை விட்டால் இரவில் பாறையில் மோதுவதற்குப் போதுமான பிழை சேர்ந்துவிடும்.

தொடுவானம் இல்லாத ஊர்

மலையில் என்ன செய்வது? நிலத்தில் அளப்பவர்கள் ஒரு தட்டில் பாதரசமோ கெட்டியான எண்ணெயோ ஊற்றி, காற்றுப் படாமல் கண்ணாடிக் கூரை வைத்தார்கள். அசையாத திரவத்தின் மேற்பரப்பு எங்கும் மட்டமாகவே இருக்கும். வானத்துச் சூரியனையும் தட்டில் தெரியும் சூரியனையும் ஒன்றோடொன்று பொருத்தினால் கிடைப்பது உயரத்தின் இருமடங்கு. தொடுவானத் தாழ்வுக்கான திருத்தமும் வேண்டியதில்லை.

ஆனால் இருமடங்கு என்பதே இங்கே சிக்கல். செக்ஸ்டன்ட் அளப்பது 120 பாகை வரை என்றால், சூரியன் அறுபது பாகைக்கு மேல் ஏறியதும் அது கைவிட்டுவிடும். வட்டகொடையில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் அறுபது பாகைக்கு மேலேதான். ஏப்ரல் முதல் வாரத்தின் முடிவிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் அது தலைக்கு நேர்மேலே வந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் டிசம்பர் நடுப்பகுதி முதல் ஆண்டு முடியும் வரையுள்ள சில நாட்களில்தான் அளக்கலாம். டிசம்பர் 21ஐ ஒட்டி, தட்டில் கிடைக்கும் கோணம் ஏறத்தாழ 119 பாகை 15 கலை. பாதியாக்கி, ஒளிமுறிவுக்கு அரைக் கலை கழித்தால் 59 பாகை 37 கலை. தொண்ணூறிலிருந்து கழித்தால் 30 பாகை 23 கலை. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நிற்கும் 23 பாகை 26 கலையை இதிலிருந்து எடுத்தால் மிஞ்சுவது 6 பாகை 57 கலை. இதுவே அகலாங்கு. அந்த மாதத்துப் பனிமூட்டம் நண்பகலில் விலக வேண்டும் என்பது தனிக் கதை.

மலைநாட்டின் வரைபடம் இப்படி உருவாகவில்லை. 1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம் மலை உச்சிகளுக்கிடையே முக்கோணங்கள் வரைந்தே தீவை அளந்தது. அந்த வரைபடக் கட்டத்தின் மூலப்புள்ளி வட்டகொடைக்குக் கிழக்கே, நுவரெலியாவுக்கு மேல் நிற்கும் பீதுருதாலகால உச்சிதான். கடலிலிருந்து தங்கள் இடத்தைத் தேடியவர்களுக்கும் இந்த மலைகள் பயன்பட்டன. 1344இல் வந்த இபின் பதூதா, சிவனொளிபாத மலையை ஒன்பது நாள் பயணத் தொலைவிலிருந்தே புகைத்தூண்போலக் கண்டதாக எழுதினார். 2,243 மீற்றர் உயரமுள்ள மலையின் உச்சி கடல் மட்டத்தில் நிற்பவருக்கு அதிகபட்சம் 180 கிலோமீற்றர் அளவிலேயே மறைந்துவிடும். ஒன்பது நாள் என்பது பயணியின் வியப்பு. ஆனால் கரை தெரியுமுன் மலை தெரியும் என்பது உண்மை.

முடிச்சிட்ட கயிறு

சோழமண்டலக் கரையின் கடலோடிகள் செக்ஸ்டன்ட் வருமுன்பே கோணம் அளந்தார்கள். 1850இல் மதராஸின் இலக்கிய அறிவியல் ஆய்விதழில் கொங்கிரீவ் என்பவர் அவர்களுடைய கருவிகளை விவரித்து எழுதினார். அவற்றுள் ஒன்று இராப்பலகை. சிறிய மரப்பலகை, அதன் நடுவிலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். அரபு மாலுமிகளிடம் கமால் என்ற பெயரில் இருந்ததும் இதே வகைதான். கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடித்து, பலகையைக் கயிறு விறைக்கும் வரை நீட்டி, கீழ்விளிம்பைத் தொடுவானத்தில் வைக்க வேண்டும். மேல்விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார்ந்தால், அந்த முடிச்சுக்குரிய துறையின் அகலாங்கில் கப்பல் நிற்கிறது.

எட்டுச் சென்ரிமீற்றர் உயரமுள்ள பலகை என்று வைத்துக்கொள்வோம். நட்சத்திரம் துருவத்திலேயே இருப்பதாகக் கொண்டால், கொழும்புக்கான முடிச்சு கண்ணிலிருந்து 66 சென்ரிமீற்றரில் விழும்; பருத்தித்துறைக்கு 46; நாகப்பட்டினத்துக்கு 42; சென்னைக்கு 34. நாகப்பட்டினத்து முடிச்சில் அரைச் சென்ரிமீற்றர் பிசகினால் பிழை எட்டுக் கடல் மைல் அளவு. கரையை நெருங்கியபின் நீரின் நிறமும் ஆழமும் மிச்சத்தைச் சொல்லும் என்பதால் அது போதுமான துல்லியம்தான். வடதுருவம் தாழ்ந்து நிற்கும் நம் கடல்களில் இந்தக் கருவி நன்றாக வேலை செய்வதும் தற்செயலல்ல. ஐம்பது பாகை உயரத்து நட்சத்திரத்தை ஒரு கைப்பலகையால் அளக்க முடியாது. இங்கே ஆறு முதல் பதின்மூன்று பாகை வரை அளந்தால் காலி முதல் சென்னை வரை முழுக் கரையும் அடங்கிவிடும்.

நட்சத்திரம் சரியாகத் துருவத்தில் இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்தேயிருக்க வேண்டும். இன்று விலகல் ஒரு பாகைக்கும் குறைவு. கொங்கிரீவ் எழுதிய காலத்தில் ஒன்றரைப் பாகை. முதலாம் இராஜேந்திரனின் கப்பல்கள் ஸ்ரீவிஜயம் போன 1025ஐ ஒட்டி ஏறத்தாழ ஆறு பாகை. அத்தனை விலகலோடு அகலாங்கு காண வேண்டுமானால், துருவத்தைச் சுற்றும் மற்ற நட்சத்திரங்கள் எந்த நிலையில் நிற்கும்போது அளப்பது என்ற அறிவு வேண்டும். அந்த அறிவு எழுத்தில் இருந்ததைவிட, கப்பலை நடத்தும் தண்டையலின் மனத்தில்தான் இருந்தது. அவருக்கு எண்ணே வேண்டியதில்லை, முடிச்சே துறை.

நிலவைக் கடிகாரமாக்கியவர்கள்

அகலாங்கு ஒரு பாதிதான். நெட்டாங்குக்கு நேரம் வேண்டும். பூமி ஒரு மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது. வட்டகொடையில் சூரியன் உச்சிக்கு வருவது கொழும்பைவிட மூன்று நிமிடம் சொச்சம் முன்னதாக. அந்த மூன்று நிமிடம்தான் இரு ஊர்களுக்கும் இடையிலான நெட்டாங்கு வேறுபாடு. கடிகாரத்தில் நான்கு விநாடி தவறினால் நிலநடுக்கோட்டருகே ஒரு கடல் மைல் தவறும். 1714இல் பிரித்தானிய நாடாளுமன்றம் நெட்டாங்கு காணும் வழிக்கு 20,000 பவுண் வரை பரிசு அறிவித்தது இதனால்தான்.

கப்பலிலும் சரியான நேரம் காட்டும் ஜோன் ஹரிசனின் கடிகாரம் பலருக்குத் தெரிந்த கதை. ஆனால் அது அரிய பொருளாக, விலை உயர்ந்ததாக இருந்த காலத்தில் பெரும்பாலான கப்பல்கள் நிலவை நம்பின. நிலவு நட்சத்திரங்களுக்கிடையே மணிக்கு அரைப் பாகை நகர்கிறது. நிலவுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் இடைக்கோணத்தை அளந்து, அதே கோணம் இங்கிலாந்தின் கிறீனிச் வானாய்வகத்தில் எந்த நேரத்துக்கு வரும் என்று அட்டவணையில் பார்த்தால் கிறீனிச் நேரம் கிடைத்துவிடும். செக்ஸ்டன்டின் வில் 120 பாகைக்கு நீண்டது இந்த வேலைக்காகவே. கோணத்தில் ஒரு கலை தவறினால் நெட்டாங்கில் அரைப் பாகை தவறும் என்பதால் கருவியைவிட அட்டவணையே முக்கியமாயிற்று. ஜெர்மானியர் தோபியாஸ் மேயர் தயாரித்த நிலவு அட்டவணைகளுக்காக அவருடைய மனைவிக்கு, அவர் இறந்தபின், 3,000 பவுண் கொடுக்கப்பட்டது. அவற்றை அடியாகக் கொண்டு நெவில் மஸ்கலைன் 1767ஆம் ஆண்டுக்கான முதல் கடற்பயணப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார்.

அதே பத்தாண்டில் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு வானியலாளர் இருந்தார். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்து, 1761இல் போரினாலும் 1769இல் மேகத்தினாலும் இருமுறையும் ஏமாந்த லெ ஜெந்தீ. காத்திருந்த காலத்தில் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிப்பைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடிக்கும் நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகவும், மேயரின் 1752ஆம் ஆண்டு அட்டவணை 68 விநாடி அதிகமாகவும் காட்டியதாக அவர் பதிவு செய்தார்.

இந்தச் செய்தியைப் பெருமைக்கு எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுவது எளிது. அடுத்த சான்றையும் பார்க்க வேண்டும். 1825இல் மதராஸில் வெளியான காலசங்கலித என்னும் நூலில் ஜோன் வாரன், சோழிகளை அடுக்கியும் மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டும் அவ்வாண்டு கிரகணத்தைக் கணித்துக் காட்டிய ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதினார். அந்தக் கணக்கை 1952இல் ஆராய்ந்த அறிஞர் ஒட்டோ நொய்கெபவர், கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை இருந்ததைக் காட்டினார். எழுத்தின்றி, சோழிகளால் இவ்வளவு என்பது வியப்புத்தான். ஆனால் நிலவின் இடத்தில் 23 நிமிடப் பிழை என்றால் நெட்டாங்கில் ஏறத்தாழ ஆறு பாகை. நம் அகலாங்கில் அது 600 கிலோமீற்றருக்கு மேல்.

ஆக, கோணம் அளக்கும் கை தமிழரிடம் இருந்தது. நிலவின் இடத்தைச் சொல்லும் அட்டவணையும் இருந்தது. வாக்கிய முறையில் 248 சொற்றொடர்கள் நிலவின் நாளாந்த இடத்தை மனத்தில் நிறுத்தின. ஆனால் தண்டையலும் பஞ்சாங்கக் கணிதரும் ஒரே மேசைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அந்த அட்டவணை கடலுக்குப் போதுமானதாக இருந்திருக்காது. கிறீனிச்சில் புதிதாக இருந்தது வானை நாள்தோறும் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, பிழையைக் கண்டு திருத்தி, மறுபடி அச்சிடும் ஓர் ஒழுங்கு. அதற்கு அரசின் பணம் இருந்தது, ஆண்டுக்கணக்காக ஊதியம் பெறும் கணிதர்கள் இருந்தார்கள்.

திருக்கணிதம் வந்த வழி

அந்த ஒழுங்கின் ஒரு கிளை 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் மதராஸ் வானாய்வகத்தை உருவாக்கிய மைக்கல் டொப்பிங் கடற்கரையை அளக்கும் வேலையில் இருந்தவர். வானாய்வகத்தின் முதல் நோக்கமும் கப்பலோட்டத்துக்கு உதவுவதுதான். அங்கே நின்ற கருங்கல் தூணில் கட்டிய ஆண்டைத் தமிழிலும் பொறித்தார்கள்.

அந்த வானாய்வகத்தில் வேலை பார்த்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார். 1867இல் தென்வானத்து ரெட்டிகுலம் மண்டலத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடப்பதை மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறுநூல் எழுதியவர். அவர் செய்த இன்னொரு வேலை நம் வீடுகளைத் தொடுகிறது. மாலுமிகளுக்காக அச்சிடப்பட்ட கடற்பயணப் பஞ்சாங்கத்தின் எண்களை எடுத்து, அவற்றின் அடிப்படையில் திருக்கணிதப் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டார். கப்பலில் செக்ஸ்டன்டின் பக்கத்தில் கிடந்த புத்தகம் திதியும் நட்சத்திரமும் பார்க்கும் புத்தகமாக மாறியது.

இன்றும் இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வாக்கியத்தின்படி ஒன்றும் திருக்கணிதத்தின்படி ஒன்றுமாகப் பத்திரிகைகள் தனித்தனியே போடுகின்றன. எதைப் பின்பற்றுவது என்பது கோயிலுக்குக் கோயில், வீட்டுக்கு வீடு வேறுபடும். இதை மரபுக்கும் நவீனத்துக்கும் இடையிலான சண்டையாகப் பார்ப்பது வழக்கம். அது சரியான பார்வை அல்ல. கேரளத்து வானியலாளர் பரமேசுவரர் 1431இலேயே பழைய கணக்கைத் திருத்தித் திருக்கணித முறையை வகுத்தவர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்து, கணக்கு வானத்தோடு பொருந்தாத இடங்களைக் கண்டபின் அவர் செய்த திருத்தம் அது. திருத்துவது நம் மரபுக்குள்ளேயே இருந்தது. தனி ஒருவரின் ஆயுளோடு முடியாமல் அதைத் தொடர்ந்து நடத்தும் நிறுவனந்தான் இல்லை.

இன்று

செய்மதி வழிகாட்டி வந்தபின் செக்ஸ்டன்ட் பெட்டிக்குள் போய்விட்டது என்று சொல்வதுண்டு. முழுமையாகப் போகவில்லை. வானைப் பார்த்து வழி காணும் பாடத்தைக் கைவிட்டிருந்த அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி 2015இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. செய்மதி வழிகாட்டியை அனுமதிக்காத கோல்டன் குளோப் போட்டியில், இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டொமி செக்ஸ்டன்டையும் காகித வரைபடத்தையும் கொண்டு தனியாக உலகைச் சுற்றி, 2023இல் இரண்டாமவராகக் கரை சேர்ந்தார். செய்மதியின் அலையைக் குழப்புவது எளிதாகிவிட்ட கடற்பகுதிகளில், யாராலும் குழப்ப முடியாத சூரியன் மாற்று வழியாக இருக்கிறது.

செய்மதி முறையும் அடிப்படையில் அதே ஒழுங்குதான். கோணத்துக்குப் பதில் அலை வந்துசேர எடுத்த நேரம். நட்சத்திரத்துக்குப் பதில் செய்மதி. அதன் இடத்தைச் சொல்லும் அட்டவணை தரையிலிருந்து மறுபடி மறுபடி திருத்தி ஏற்றப்படுகிறது. சார்பியல் விளைவால் செய்மதிக் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ விநாடி முந்தும். அதைச் சரிசெய்யாவிட்டால் தூரக் கணக்கில் நாளுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் பிழை சேரும்.

மலையகப் பாடசாலை ஒன்றில் இந்த ஒழுங்கைத் தொடங்கப் பாதரசம் வேண்டாம், செக்ஸ்டன்டும் வேண்டாம். பாகைமானியில் நூல் கட்டித் தூக்குக்குண்டு தொங்கவிட்டால் தொடுவானம் இல்லாமலே உயரத்தை அளக்கலாம். கப்பலில் அது ஆடும், மலையில் ஆடாது. சூரியனை நேரே பார்க்காமல் நிழலைக் கொண்டு அளக்க வேண்டும். அரைப் பாகை பிழை வரும், அதாவது முப்பது கடல் மைல். ஒவ்வோர் ஆண்டும் அளந்தவரின் பெயர், தேதி, நேரம், கிடைத்த எண், வரைபடத்தின்படி வந்த பிழை ஆகியவற்றை ஒரு பேரேட்டில் எழுதி அடுத்த வகுப்பிடம் கொடுத்தால், சில ஆண்டுகளில் பிழை எந்தப் பக்கம் சாய்கிறது, ஏன் சாய்கிறது என்பது தெரியவரும். கிறீனிச்சும் நுங்கம்பாக்கமும் பெரிய அளவில் செய்தது இந்த வேலையைத்தான்.